தழலாயி வீட்டுக் கடைசிப் பந்தி

அந்தக் காலத்தில் விண்மீன்கள் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்தன. இப்போது கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருக்கின்றனவே, அந்த அழுத்தமெல்லாம் அப்போது கிடையாது. ஒரு விண்மீன் என்றால் ஒரு வீடு. அந்த வீட்டுக்குள் ஆட்கள், அவர்களுக்குள் பேச்சு, சிரிப்பு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் உண்டு.

அப்படி ஒரு வீடுதான் தழலாயி. வீடும் அவளே, வீட்டுக்காரியும் அவளே.

அவளுக்குள் இருந்த பெருங்கூட்டம் லேசான ஆட்கள். அவர்களுக்குத் தலைவன் லேசப்பன். இன்று நாம் ஹைட்ரஜன் என்று சொல்கிறோமே, அந்த ஆசாமிதான். ஊதினால் பறந்துவிடுவான். வேலை என்று சொன்னால் ஊதாமலே பறந்துவிடுவான். நடு அடுப்பில் எரிகிறது தன் ஆட்கள்தான் என்பதை மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பான்.

கனமான ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் மூத்தவன் இரும்பன். அவன் தழலாயி வயிற்றில் பிறந்தவனில்லை. அவளுக்கு முன்னால் வாழ்ந்து வெடித்துப்போன ஏதோ ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. தூசியோடு தூசியாக அலைந்து இவளிடம் வந்து ஒட்டிக்கொண்டவன். ஈயாத்தாள் இவள் பெற்ற பெண். வயதான காலத்தில், இனி எதுவும் இல்லை என்று எல்லாரும் நினைத்திருந்தபோது பிறந்தவள். ரசம் வைக்கிற ஈயச் சொம்பில் இருப்பது அவள் இனம்தான். இரும்பன் அவளை இடுப்பிலேயே வைத்து வளர்த்தான். அவளைத் தூக்க அந்த வீட்டில் அவன் ஒருவனால்தான் முடிந்தது.

நடு அடுப்பில் கதிர்கள் பிறந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு கதிருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்துக்கு ஒரு பெயர். அடுப்பங்கரையிலிருந்து வாசலுக்கு வந்து சேர யுகக்கணக்கில் ஆகும், அவ்வளவு நெரிசல். வழியில் களைத்து நிற்கிற கதிர்களை உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, பெயர் கேட்டு, இந்தப் பக்கமாகப் போ என்று வழிகாட்டி விடுவது இரும்பனும் ஈயாத்தாளும்தான். லேசப்பன் ஒன்றிரண்டு கதிர்களைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

வாசலைத் தாண்டிவிட்டால் கதிர் நேர்கோட்டில் போகும். நிற்காது, திரும்பிப் பார்க்காது. அப்படிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது வான வீடுகள் எல்லாவற்றிலும் இருந்த கட்டு. கூப்பிட்டால் பயணம் கெட்டுப்போகும். கூப்பிடப்பட்டவர் திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகு வேறு திசை பார்த்துத்தான் புறப்பட வேண்டும். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதை நாம் இன்றைக்கும் விடவில்லை.

தழலாயிக்கு வயதாகிவிட்டது. அடுப்பு தடுமாறியது. உடம்பு உப்பி, சிவந்து, மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்த வயதில் ஒரு விண்மீன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தன்னிடம் இருப்பதையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பெருங்காற்று ஒன்று வீட்டுக்குள்ளிருந்து எழும்பும், ஆட்கள் அதில் ஏறிப் போவார்கள், எங்காவது புது விண்மீனோ புது உலகமோ கட்டிக்கொள்வார்கள்.

"இத்தன காலம் இருந்த சனத்த வெறும் வயித்தோட அனுப்பறதா?" என்றாள் தழலாயி. பெரிய விருந்தாக ஏற்பாடு செய்தாள். பந்தி பந்தியாக இலை போட்டார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் காற்றில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் பந்தியில் முதல் இலையில் யார் உட்கார்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லேசப்பன் ஆட்கள்தான். பரிமாறியது இரும்பனும் ஈயாத்தாளும்.

ஈயாத்தாளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து அவள் வானத்தைப் பார்த்ததே இல்லை. வாசலுக்குப் போகிற கதிர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், வாசலுக்குப் போனதில்லை. காற்றில் ஏறினால் வானத்தைப் பார்க்கலாம் என்று இரும்பன் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது இரும்பன் கையில் குழம்பு வாளியோடு தழலாயியிடம் வந்தான்.

"ஆத்தா, காத்து நல்லா எந்திரிச்சிருச்சுங்க. பாப்பாள மட்டும் இந்தப் பந்தியில உக்கார வெச்சரட்டுங்களா?"

"நல்லாக் கேட்ட போ. சனம் நின்னுட்டு இருக்கறப்ப நம்மூட்டுப் புள்ள இலையில உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? நம்மாளுக கடைசிப் பந்தி சாமி. அதுதான மொறை?"

"சரிங்க ஆத்தா" என்று அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் கேட்பதில்லையே.

கடைசிப் பந்திக்கு இலை போட்டார்கள். சோறு விழுந்தது. ஈயாத்தாள் இலையில் கை வைத்த நேரத்தில் காற்று அடங்கிவிட்டது.

வெளியே போக இனி வழியில்லை. தழலாயியின் மேலாடைகள் எல்லாம் காற்றோடு போய், வானத்தில் ஒரு மெல்லிய பச்சைத் திரையாக விரிந்து நின்றன. உள்ளே அவள் சுருங்க ஆரம்பித்தாள். எத்தனையோ கோள்களை விழுங்குகிற அளவுக்கு உப்பியிருந்தவள், நம் பூமியளவுக்கு ஆகிவிட்டாள். மிச்சமிருந்த பாரமெல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டியிருந்தது. அடுப்பங்கரைச் சூடு அப்படியே மேலே தெரிந்ததில் வெள்ளை வெளேரென்று ஆனாள்.

வீடு சின்னதானதும் இழுவையார் வந்தார். அவர் எல்லா விண்மீன்களின் அடித்தளத்திலும் குடியிருப்பவர். பொருள்களைக் கீழே இழுப்பது அவர் வேலை. அடுப்பு பெரிதாக எரிந்த காலத்தில் அவர் பேச்சு அவ்வளவாக எடுபடாது. இப்போது அவர் கைக்கு வேலை வந்துவிட்டது. கெட்டவரில்லை. சொன்னதைச் செய்கிறவர், அவ்வளவுதான்.

"அம்மிணி தழலாயி, வூடு சிறுசாப் போச்சு. இனி எடையப் பாத்துத்தான் எடம். லேசானவங்க மேல இருக்கட்டும். கனமானவங்க அடியில போயரணும். போனவங்க மறுக்கா மேல வர முடியாது, பாத்துக்க."

"அடியில வெளிச்சம் இருக்குங்களா மாமா?"

"அடியில ஏதம்மா வெளிச்சம்."

அந்தப் பையன் கேட்டானே, குழம்பு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டானே என்று தழலாயிக்கு அதுவே ஓடியது. யாரோ என்ன நினைப்பார்கள் என்பதற்காகத் தன் பிள்ளைகளைத் தானே அடைத்துவிட்டாள். யார் என்ன நினைப்பார்கள் என்று பயந்தாளோ, அவர்கள் எல்லாரும் காற்றேறிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு சுருங்கியதில் ஒரு நன்மை நடந்திருந்தது. இலையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எட்டுகிற தூரத்தில் வாசல் வந்துவிட்டது. ஈயாத்தாள் நிமிர்ந்தாள். காற்று அடங்கும்வரை கிளம்பாமல் தங்கிவிட்ட லேசப்பனும் அவன் மீதி ஆட்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தோள்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஒரு துண்டு தெரிந்தது.

"அண்ணா, அதுதானுங்களா வானம்?"

இரும்பன் பதில் சொல்வதற்குள் அவள் கால் கீழே போனது. இழுவையார் தொட்டுவிட்டார். அந்தப் பெண்தானே எல்லாரிலும் கனம். முழங்கால் வரை போனாள், இடுப்பு வரை போனாள். இரும்பன் எட்டி அவள் கையைப் பிடித்தான், அவனும் சேர்ந்து இறங்கினான்.

"மாமா, சித்தெ பொறுங்க" என்று தழலாயி அலறினாள். "யாராச்சும் தாங்குனா உடுவீங்களா?"

இழுவையார் யோசித்தார். "இழுக்கறது எம் பொழப்பு. அத நான் நிறுத்த மாட்டேன். தாங்கறதுக்கு ஆளு இருந்தா நா எதுக்குங் குறுக்க வாரேன்?"

தாங்க யார் இருக்கிறார்கள்? லேசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேறு யாருமில்லை. கதிர்கள் மட்டும் வாசலில் பெருக்கெடுத்துப் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு சூட்டில் அவ்வளவு கதிர்கள். தழலாயி அவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"கண்ணுகளா, யாராச்சும் ஒரு கை குடுங்க!"

யாரும் நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தானே நிற்க முடியும்? அவளுக்கு ஒரு பெயரும் தெரியாது. இத்தனை யுகமாகத் தன் மடியில் பிறந்து தன் வாசல் வழியாகப் போன பிள்ளைகள். அவர்களைக் கூட்டமாகவே பார்த்துப் பழகிவிட்டாள். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் இரும்பனுக்குத் தெரியும்.

"சாமி, பேரு சொல்லிக் கூப்புடு" என்றாள் அவனிடம்.

இரும்பன் மலைத்துப்போனான். "ஆத்தா, வாசல் தாண்டுனவங்களப் பொறத்தால கூப்புடறதுங்களா? வேண்டாம்னு சொல்லி வளத்துனதே நீங்கதானுங்களே."

"அன்னைக்குச் சொன்னதும் நாந்தான், இன்னைக்குச் சொல்றதும் நாந்தான். மொறை மொறைன்னு பாத்துத்தான் உங்களைக் குழியில எறக்கிட்டேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். கூப்புடு."

ஈயாத்தாள் கழுத்தளவுக்குப் போய்விட்டாள். இரும்பன் அவளைப் பார்த்தான். அப்புறம் வாசலைப் பார்த்து, வான வீடுகளில் அதுவரை யாரும் செய்யாததைச் செய்தான்.

"ஊதாக்கண்ணி!"

வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ஊதா நிறக் கதிர் ஒன்று நின்றது. மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் மெதுவாகத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் அழுகை.

"ஏனுங்ணா இப்பிடிப் பண்ணுனீங்க? எத்தன காலமா நெருக்கியடிச்சு வந்து இந்த வாசலப் புடிச்சேன்! நேராப் போற வழி இனி எனக்குக் கெடைக்குங்களா?"

இரும்பனை முந்திக்கொண்டு தழலாயி சொன்னாள். "கெடைக்காது அம்மிணி. உன்ற வழியக் கெடுத்தது நாந்தான், அவனில்ல. எம் புள்ளைகளக் கொஞ்சம் தூக்கி உட்டுட்டுப் போ. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்."

ஊதாக்கண்ணி கீழே எட்டிப் பார்த்தாள். கழுத்துக்கு மேல் மட்டும் தெரிந்த பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "அடக் கடவுளே, எனக்குத் தண்ணி மோந்து குடுத்த அக்காவா இது?" என்றாள். அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. கட்டுப்படி வந்து இரும்பனின் உள்ளங்கையில் உட்கார்ந்தாள். வெளியே பார்த்து ஓடிக்கொண்டிருந்த கதிர் ஒன்று வந்து உட்கார்ந்தால், வெளியே இழுக்கிற அந்த வேகம் எங்கே போகும்? இரும்பன் ஒரு சாண் மேலே வந்தான். அவன் கையைப் பிடித்திருந்த ஈயாத்தாளும் கொஞ்சம் வந்தாள். ஊதாக்கண்ணி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், எழுந்தாள், வந்த திசையை விட்டு எங்கோ பக்கவாட்டில் திரும்பிப் போனாள்.

அவள் போனதும் இருவரும் மறுபடி இறங்கினார்கள். இழுவையார் சும்மா இருப்பாரா?

இரும்பன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். அதற்கடுத்த பெயரை. அவனுக்கு எத்தனை பெயர் தெரியும் என்பது அன்றுதான் தழலாயிக்குத் தெரிந்தது. அடர் ஊதா, இளம் ஊதா, நம் கண்ணுக்கே தெரியாத ஊதா என்று ஒவ்வொருத்தரும் நின்றார்கள், திரும்பி வந்தார்கள், உட்கார்ந்து எழுந்து போனார்கள். இரும்பன் மேலே நின்றுவிட்டான். ஆனால் ஈயாத்தாளின் பாரத்தையும் சேர்த்துத் தாங்க அவன் ஆட்கள் போதவில்லை. பிடித்திருந்த கை நழுவிக்கொண்டிருந்தது.

"பாப்பா, உனக்கும் பேரு தெரியுமில்ல? நீயும் கூப்புடு!"

ஈயாத்தாள் தலையை ஆட்டினாள். "நா மாட்டேனுங்ணா. என்னால ஒருத்தர் வழி கெடறதா? நா ஒருத்தி வானத்தப் பாக்கறதுக்காவ அவங்க அழுதுட்டே போகோணுமா?"

அந்தப் பெண் சொன்னதில் பிசகே இல்லை. இப்படிப் பெண்ணை வளர்த்ததும் தான்தான் என்று தழலாயிக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆற்றாமையாகவும் இருந்தது. ஈயாத்தாளின் நாடி வரை மூடிவிட்டது.

அப்போது வெகு தொலைவிலிருந்து, அதுவரை யாரும் போகாத ஒரு பக்கத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது. ஊதாக்கண்ணியின் குரல்.

"அக்கா! இந்தப் பக்கமும் வானந்தானுங்க!"

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு போய்விட்டாள்.

ஈயாத்தாள் வாயைத் திறந்தாள். தண்ணீர் கொடுத்தபோது ஒவ்வொருவரிடமும் கேட்டு வைத்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூப்பிடக் கூப்பிடக் கதிர்கள் வந்தார்கள். அவள் தோள் வெளியே வந்தது, இடுப்பு வந்தது, முழங்கால் வந்தது. லேசப்பனின் ஆட்களுக்கு நடுவே, அவர்களுக்குச் சமமாக, அவ்வளவு கனத்தோடு மேலே வந்து நின்றாள்.

நின்று பார்த்தாள்.

"இத்தாப் பெருசுங்களா ஆத்தா!" என்றாள். தூரத்தில் விரிந்து நின்ற பச்சைத் திரையைக் காட்டி, "அது என்னுங்க?" என்று கேட்டாள்.

"அது என்ற பழைய சேலை கண்ணு" என்றாள் தழலாயி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

லேசப்பன் சும்மா இருக்கவில்லை. "எடை பாத்துத்தான் எடம்னு சொன்னாங்க. இப்ப இவங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று இழுவையாரிடம் போய் நின்றான். "நீயும் பேரு சொல்லிக் கூப்புட வேண்டியதுதான தம்பி?" என்றார் இழுவையார். லேசப்பன் யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒன்றிரண்டு பெயர்தான் நினைவுக்கு வந்தது. வந்த வழியே போய் உட்கார்ந்துகொண்டான்.

அக்கம்பக்கத்து விண்மீன்கள் பேசாமல் இருக்குமா? "என்னம்மா தழலாயி, உன்ற வெளிச்சம் முந்தியாட்ட இல்லையே? நடுவுல நடுவுல கறுப்புக் கோடு வுழுகுதே?" என்று கேட்டார்கள். நேராகப் போக வேண்டிய கூட்டத்தில் கூப்பிட்ட குரலுக்கு நின்றவர்களின் இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. பழைய தழலாயியாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசியிருப்பாள். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் இப்போது. பின்னாளில் அந்த விண்மீன்களுக்கும் வயதாகி, அவையும் சுருங்கி வெளுத்தபோது, அவற்றின் பிள்ளைகளும் இதே போலக் கூப்பிடக் கற்றுக்கொண்டார்கள்.

இழுவையார் மட்டும் ஒருமுறை தழலாயியிடம் வந்து சொன்னார். "அம்மிணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காத. உன்ற அடுப்பு அணைஞ்சாச்சு. இருக்கறது மிச்சச் சூடுதான். சூடு கொறையக் கொறையக் கதிருகளும் கொறைஞ்சு போயிருவாங்க. கூப்புட்டாலும் வாரதுக்கு ஆளிருக்காது. அப்ப எம் பக்கந்தான் வந்தாகோணும்."

"தெரியுமுங்க மாமா."

"எனக்கொண்ணும் அவசரமில்ல."

"எனக்கும் இல்லீங்க" என்றாள் தழலாயி. "என்ற சூடு இருக்கற மட்டும் அவங்க வாசல்ல நிக்கட்டும். கடைசிப் பந்தியில உக்காந்த புள்ளைக, வயிறாரச் சாப்புட்டுட்டு எந்திரிக்கட்டும்."

அன்று முதல்தான், சூடு ஆறாத வெள்ளை விண்மீன்களில் இரும்பும் ஈயமும் அடியில் அமிழாமல் மேலே நிற்கின்றன. சூடு ஆறியவற்றில்தான் அவை கீழே இறங்கிவிடுகின்றன. அன்று முதல்தான், அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நின்று திரும்பியவர்களின் இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.